ஆலை இரசாயனங்களும் ஊராட்சியின் கடமையும்

நெய்வேலி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மின்சாரம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி எனப் பின்னர் ஆராய்ந்து அறியப்பட்டது. 1956இல் அதற்கென ஒரு நிறுவனம் அமைந்தது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரிப்படிவம் எட்டப்பட்டது. 1962இல் சோவியத் நாட்டின் உதவியுடன் எழுந்த அனல்மின் நிலையம் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. முந்திரியும் மணிலாவும் விளைந்த நிலப்பரப்பில் ஒரு தொழில் நகரம் உருவாயிற்று.

இந்நகரின் ஆலைகளுக்குச் சுற்றிலுமுள்ள சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் ஏராளமானோர் வேலைக்குச் செல்கின்றனர். சுரங்கத்திற்காக நிலத்தைக் கொடுத்தவர்கள் அவர்களுள் உண்டு. நிலத்தில் போதிய வேலை கிடைக்காதவர்களும் உண்டு. பலர் ஒப்பந்தக்காரரிடம் கூலி பெறுகின்றனர். தந்தை வயலில் நிற்க, மகன் கொதிகலனைத் துப்புரவு செய்யப் போகிறான். வயலின் ஆபத்துகளைத் தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆலையின் ஆபத்துகளைச் சொல்லிக் கொடுக்க ஊரில் ஆளில்லை. இக்குறையைப் போக்குவதில் ஊராட்சிக்கும் பங்குண்டு என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

2020ஆம் ஆண்டின் இரு விபத்துகள்

2020 மே 7ஆம் நாள் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஆறாம் அலகில் கொதிகலன் பகுதியில் வெடிப்பு நேர்ந்து எட்டுத் தொழிலாளர்கள் தீக்காயமுற்றனர். அவர்களுள் சிலர் பின்னர் உயிர் துறந்தனர். இரண்டு திங்கள் கழிவதற்குள், ஜூலை 1ஆம் நாள், அதே நிலையத்தின் ஐந்தாம் அலகில் மற்றொரு வெடிப்பு ஏற்பட்டது. அன்றே ஆறு பேர் மாண்டனர். காயமுற்றவர்களுள் மேலும் பலர் அடுத்த நாட்களில் மருத்துவமனையில் இறந்தனர். மாண்டவர்களுள் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர்.

ஜூலை விபத்து நேர்ந்தபோது அக்கொதிகலன் இயக்கத்தில் இல்லை என்று அந்நாளைய செய்திகள் தெரிவித்தன. இது கூர்ந்து கவனிக்கத்தக்கது. இயந்திரம் ஓடும்போதுதான் ஆபத்து, நின்றபின் அச்சமில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கொதிகலன் நின்றபின்னும் அதனுள் தணல் இருக்கும், எரியாத கரித்தூள் தங்கியிருக்கும், வாயு தேங்கியிருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று நம் முன்னோர் சொன்னது இதற்கு முற்றும் பொருந்தும்.

மே 7ஆம் நாளன்று விடியுமுன் விசாகப்பட்டினத்தை அடுத்த ஆர்.ஆர். வேங்கடாபுரத்திலும் ஒரு விபத்து நேர்ந்தது. ஊரடங்கினால் மூடிக்கிடந்த பாலிமர் ஆலை ஒன்றில் ஸ்டைரீன் என்னும் திரவம் தொட்டியில் தேங்கியிருந்தது. குளிர்விக்கும் ஏற்பாடு சரிவர இயங்காமையால் அது தானே சூடேறி ஆவியாகி வெளியேறிற்று. உறங்கிக் கொண்டிருந்த மக்களுள் பன்னிருவர் மாண்டனர். அங்கும் ஆலை ஓடவில்லை. ஓடாத ஆலையிலும் பொருள் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். அப்பொருளின் பெயரையும் குணத்தையும் அறிந்தவனே அதனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள முடியும்.

உழவர் முன்பே அறிந்தவை

இரசாயனம் என்னும் சொல் புதிதாகத் தோன்றலாம். ஆயினும் அதன் இயல்பை நம் ஊர் மக்கள் ஓரளவு அறிந்தே இருக்கின்றனர்.

பண்ணுருட்டி வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் கைகளில் சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொள்வர். கொட்டையின் தோட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். சுட்ட சுண்ணாம்புக் கல்லின்மேல் நீர் ஊற்றினால் அது கொதித்துச் சீறும் என்பது வெள்ளையடிப்பவருக்குத் தெரியும். பூச்சிமருந்து தெளிப்பவர் காற்று முதுகுப்புறமாக வீசும்படி நிற்க வேண்டும் என்பது உழவருக்குத் தெரியும். நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் உடனே இறங்கலாகாது என்பது யாவர்க்கும் தெரியும்.

தோலை அரிப்பது, நீரோடு சேர்ந்து கொதிப்பது, காற்றில் பரவுவது, பள்ளத்தில் தேங்கி மூச்சை அடைப்பது ஆகிய இந்நான்கு குணங்களே ஆலை இரசாயனங்களிலும் உள்ளன. ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது தீப்பற்றி வெடிப்பது. ஆலையில் பொருளின் அளவு பெரிது, வேகமும் பெரிது. வேறுபாடு அவ்வளவே.

அனல்மின் நிலையங்களில் காணப்படும் பொருள்கள்

அமிலமும் காரமும்: கொதிகலனுக்குச் செல்லும் நீரில் உப்பு சிறிதும் இருத்தல் ஆகாது. அந்நீரைத் தூய்மை செய்யும் பகுதியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அல்லது கந்தக அமிலமும், காஸ்டிக் சோடா என்னும் காரமும் பயன்படுகின்றன. கந்தக அமிலத்தில் நீரை ஊற்றினால் சுண்ணாம்புக் கல்லைப் போலவே கொதித்து முகத்தில் தெறிக்கும். நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே முறை. காஸ்டிக் சோடா கையில் பட்டால் சவர்க்காரம் போல் வழவழக்கும். முதலில் வலி தெரியாது. வலி தெரியாமையால் அலட்சியம் செய்வோர் பலர். கண்ணில் பட்டால் அது அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவிப் பார்வையைக் கெடுக்கும்.

குளோரின்: குளிர்விக்கும் நீரில் பாசி படியாமலிருக்கவும் குடிநீரைத் தூய்மை செய்யவும் பல நிலையங்களிலும் நகரங்களிலும் இது பயன்படுகிறது. உருளைகளில் திரவமாக அடைக்கப்பட்டு வரும் இது, வெளியேறினால் நானூறு மடங்குக்கு மேல் விரிந்து வாயுவாகும். பச்சை கலந்த மஞ்சள் நிறமும் தொண்டையை எரிக்கும் நெடியும் உடையது. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானதாகையால் தரையோடு ஊர்ந்து பள்ளங்களில் தங்கும். குளோரின் கசிந்தால் பள்ளத்தில் பதுங்காமல் மேட்டை நோக்கிச் செல்ல வேண்டும்.

அம்மோனியா: நெய்வேலியில் 1960களில் யூரியா உர ஆலை ஒன்று தொடங்கப்பெற்றது. அது பின்னாளில் மூடப்பட்டது. யூரியா செய்வதற்கு அம்மோனியா இன்றியமையாதது. உர ஆலைகளிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் இன்றும் இது மிகுதியாகப் புழங்குகிறது. இயல்பில் இது காற்றைவிட இலேசானது. ஆனால் அழுத்தத்தில் அடைபட்ட திரவ அம்மோனியா பீறிட்டால் குளிர்ந்த வெண்மூடுபனியாகத் தரையோடு படரும். நீரில் எளிதில் கரைவதால், ஈரத்துணியை மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொண்டு விலகிச் செல்வது ஓரளவு காப்பளிக்கும்.

ஹைட்ரஜன்: பெரிய மின்னாக்கிகளைக் குளிர்விக்க இவ்வாயு பயன்படுகிறது. இதற்கு நிறமும் மணமும் இல்லை. இது எரியும் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. இப்பகுதியில் பீடி பற்றவைப்பதும் பொறி பறக்கும் கருவியைப் பயன்படுத்துவதும் உயிருக்கு உலை வைப்பதாகும்.

கரித்தூளும் கரிவாயுவும்: பழுப்பு நிலக்கரி குவியலாகக் கிடக்கும்போது காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றுத் தானே சூடாகும் இயல்புடையது. கட்டியாக உள்ள கரி மெல்ல எரியும். அதே கரி தூளாகிக் காற்றில் மிதந்தால் நொடியில் எரிந்து வெடிக்கும். அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு எழும். அது இரத்தத்தோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாகப் பிணைந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், கால் தளர்ச்சி ஆகியவையே அதன் அடையாளங்கள். மணம் இல்லாததால் மாண்டவருக்கே தாம் மாள்வது தெரியாது.

மீட்கச் சென்று மாள்வோர்

தொட்டி, கலன், குழாய், சாக்கடை போன்ற மூடிய இடங்களில் நேரும் விபத்துகளில் ஒரு கொடுமை அடிக்கடி நிகழ்கிறது. முதலில் இறங்கியவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க உடன்பிறந்தவரோ நண்பரோ பதறி உள்ளே குதிக்கிறார். அவரும் விழுகிறார். அன்பினால் செய்யும் செயலே இரண்டாம் உயிரையும் மூன்றாம் உயிரையும் பறிக்கிறது.

கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பிராணவாயு குறைவாயிருப்பதை அது காட்டக்கூடும். கார்பன் மோனாக்சைடு இருப்பதைக் காட்டாது. எரியும் வாயு இருந்தால் அவ்விளக்கே வெடிப்புக்குக் காரணமாகிவிடும். ஆகையால் ஆலைகளில் இம்முறையைக் கைக்கொள்ளலாகாது. வாயுவை அளக்கும் கருவியால் சோதித்த பின்னரே இறங்க வேண்டும். தகுதியுள்ள ஒருவர் எழுத்து மூலம் சான்று தர வேண்டும்; அல்லாவிடில், இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். இது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே வகுக்கப்பட்ட விதி. வெளியே நிற்பவர் எக்காரணம் கொண்டும் காப்புக் கருவியின்றி உள்ளே இறங்கலாகாது. உதவிக்குக் குரல் கொடுப்பதும் கயிற்றை இழுப்பதுமே அவர் வேலை.

தொழிலாளியின் ஆபத்து ஊரின் ஆபத்தாதல்

ஆலைக்குள் நடப்பது ஆலையாரின் பொறுப்பு, ஊராட்சிக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். போபால் நகரின் வரலாறு அதற்கு விடையளிக்கும்.

1981 டிசம்பரில் போபாலிலிருந்த யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையில் ஃபாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி மாண்டார். ஊர் அதைப் பெரிதாகக் கருதவில்லை. மூன்று ஆண்டுகள் சென்றபின், 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், அதே ஆலையின் தொட்டி ஒன்றிலிருந்து ஏறத்தாழ நாற்பது டன் மெத்தில் ஐசோசயனேட் வாயு வெளியேறிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எந்தப் பக்கம் ஓடுவது என்று மக்களுக்குத் தெரியவில்லை. மூச்சுத்திணறி வந்தவர்களைத் தாக்கியது எந்த வாயு, அதற்கு என்ன மருத்துவம் என்பது மருத்துவர்களுக்கும் தெரியவில்லை. ஈரத்துணியால் முகத்தை மூடுங்கள் என்ற எளிய அறிவுரையைச் சொல்லவும் அவ்விரவில் ஆளில்லை.

நம் மாநிலத்திலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. 2021 மே 13ஆம் நாள் நெய்வேலிக்கு அணித்தான கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் நால்வர் மாண்டனர். 2023 டிசம்பர் 26ஆம் நாள் இரவு எண்ணூரில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகளில் உறங்கிக் கொண்டிருந்தவர்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் சாலைக்கு ஓடிவந்தனர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

எனவே ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு நேரும் சிறு விபத்தும் ஊருக்கு விடுக்கப்படும் எச்சரிக்கையாகும்.

சட்டம் அளிக்கும் உரிமை

போபால் பேரழிவுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான செயல்முறைகளைக் கொண்ட தொழில்களின் பட்டியல் ஒன்று அதில் சேர்க்கப்பட்டது. பழுப்பு நிலக்கரித் தொழிலும் மின் உற்பத்தித் தொழிலும் அப்பட்டியலில் இடம்பெற்றன. இத்தகைய ஆலைகளில் கையாளப்படும் பொருள்களால் விளையும் ஆபத்துகளையும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் ஆலையார் நால்வருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அத்திருத்தம் விதித்தது. தொழிலாளர், தலைமை ஆய்வாளர், அவ்விடத்து உள்ளாட்சி அமைப்பு, அண்டையில் வாழும் பொதுமக்கள் ஆகியோரே அந்நால்வர். உள்ளாட்சி அமைப்பு என்று சட்டம் கூறும்போது அதில் நம் ஊராட்சியும் அடங்கும் என்பதை உறுப்பினர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

உயிருக்கு உடனடி ஆபத்து நேரும் என்று தொழிலாளி அஞ்சினால், அதை நிருவாகத்திற்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையையும் அத்திருத்தம் வழங்கிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்திற்கு இப்போது வந்துள்ள 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பிலும் இவ்வுரிமைகள் தொடர்கின்றன. 1989ஆம் ஆண்டின் அபாயகர இரசாயன விதிகள், கலன்களில் பெயர்ச்சீட்டு இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் இருக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகின்றன. 1996ஆம் ஆண்டின் விதிகள் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நெருக்கடிக் குழு அமைக்க வகை செய்கின்றன.

உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. கூலி வேலைக்குச் செல்லும் இளைஞன் ஒருவன் தனித்து நின்று இக்கலனில் இருப்பது என்ன என்று கேட்டால், நாளை வேலை இல்லை என்ற விடை கிடைக்குமோ என்று அஞ்சுகிறான். அந்த அச்சம் பொருளற்றதன்று. அவன் தனியே கேட்கத் தயங்கும் கேள்வியை ஊராட்சி எழுத்து மூலம் கேட்கலாம். அதனால் எவர் கூலியும் பறிபோகாது.

ஊராட்சி செய்யத்தக்கவை

1. ஊரிலிருந்து ஆலை வேலைக்குச் செல்வோரின் பெயர், வேலை செய்யும் பகுதி, ஒப்பந்தக்காரர் பெயர் ஆகியவற்றை அவர்தம் இசைவுடன் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தல். விபத்து நேர்ந்தால் குடும்பத்தார் யாரை அணுகுவது என்று அலைய வேண்டியிராது. இழப்பீடு கோரவும் இது துணையாகும்.

2. அருகிலுள்ள ஆலைகளில் உள்ள அபாயகரப் பொருள்கள் எவை, கசிவு நேர்ந்தால் சங்கு எவ்வாறு ஒலிக்கும், மக்கள் எங்கே செல்ல வேண்டும் என்பவற்றைக் கேட்டு நிருவாகத்திற்குக் கடிதம் எழுதுதல். படியொன்றை மாவட்ட ஆட்சியருக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திற்கும் அனுப்புதல்.

3. மே 1ஆம் நாள் கூடும் கிராம சபையில் தொழிற் பாதுகாப்பை ஒரு பொருளாக வைத்தல். தொழிலாளர் தினத்திற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. மார்ச் 4ஆம் நாள் தேசியப் பாதுகாப்பு நாளாகும். அன்று பள்ளியில் சிறு பயிற்சி நடத்தலாம்.

4. சாலையில் செல்லும் டேங்கர் லாரிகளின் எச்சரிக்கைப் பலகையைப் படிக்க இளைஞர்களுக்குக் கற்பித்தல். அதிலுள்ள நான்கு இலக்க எண் பொருளைக் காட்டும். 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1789 ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1824 காஸ்டிக் சோடாக் கரைசல், 1830 கந்தக அமிலம். லாரி கவிழ்ந்தால் அருகில் செல்லாமல், தொலைவில் நின்று எண்ணைப் படித்து 112க்குத் தெரிவித்தால் தீயணைப்புப் படையினர் தக்க ஏற்பாட்டுடன் வருவர்.

5. ஊராட்சியின் சொந்தப் பணியாளர்களையும் மறவாதிருத்தல். மேல்நிலைத் தொட்டிக்கு வாங்கும் பிளீச்சிங் பவுடருடன் கழிவறை கழுவும் அமிலம் கலந்தால் குளோரின் வாயு எழும். இரண்டையும் ஒரே அறையில் வைக்கலாகாது.

தொழிலாளர் குடும்பத்தாருக்கு

அமிலமோ காரமோ உடலில் பட்டால் துணியைக் களைந்து, ஓடும் நீரில் பதினைந்து நிமிடத்திற்குக் குறையாமல் கழுவ வேண்டும். கண்ணாயின் இமையை விரித்துக் கழுவ வேண்டும். மஞ்சள், பற்பசை, சுண்ணாம்பு ஆகியவற்றைத் தடவலாகாது. வாயுவை முகர்ந்தவரைக் காற்று வரும் திசையிலுள்ள தூய வெளிக்குக் கொண்டுவந்து, நடக்க விடாமல் அமர வைத்து 108 வண்டியை அழைக்க வேண்டும். குளோரின் போன்ற வாயுக்கள் நுரையீரலில் சில மணி நேரம் கழித்தே நீர்கோக்கச் செய்யும். ஆகையால் இப்போது நலமாயிருக்கிறது என்று வீட்டிற்கு அழைத்துச் செல்லலாகாது. எப்பொருள் தாக்கிற்று என்பதை மருத்துவரிடம் பெயர் சொல்லித் தெரிவிக்க வேண்டும். வேலையுடையை வீட்டில் குழந்தைகளின் உடையோடு சேர்த்துத் துவைக்கலாகாது.

மின்சாரம் நாட்டுக்கு வேண்டும். வேலை இளைஞருக்கு வேண்டும். அவ்வேலைக்குச் சென்றவர் மாலையில் நலமாக வீடு திரும்புவதும் அவற்றோடு ஒப்ப வேண்டுவதேயாகும். அதற்கு முதற்படி, தான் தொடும் பொருளின் பெயரை ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருத்தல். அப்பெயரைக் கேட்டுப் பெற்றுத் தருவதை ஊராட்சி தன் பணியாக ஏற்றுக்கொள்ளுமாக.

கிராம சபையில் ஆராயத்தக்க வினாக்கள்

1. நம் ஊரிலிருந்து ஆலை வேலைக்குச் செல்வோர் எத்தனை பேர்? அவர்களுள் தாம் கையாளும் பொருளின் பெயரைச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

2. மூடிய தொட்டியில் ஒருவர் மயங்கி விழுந்தால் உடனிருப்பவர் செய்ய வேண்டியது யாது? செய்யக்கூடாதது யாது?

3. குளோரின் கசிந்தால் நம் ஊர் மக்கள் செல்லத்தக்க மேட்டு நிலம் எது? முதியோரையும் குழந்தைகளையும் அங்கே அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்போர் யாவர்?

4. அண்டை ஆலைகளிலுள்ள அபாயங்கள் பற்றி நம் ஊராட்சிக்கு எழுத்து மூலம் தகவல் வந்துள்ளதா? வரவில்லையாயின் அதைக் கேட்டுக் கடிதம் எழுதுவது எந்நாள்?